எட்டாவது தூண்

ஒரு தனியார் பள்ளி செழித்து வளரவும், வளர்ந்தபின் சாயாமல் நிற்கவும் ஏழு தலைமைத்துவத் தூண்கள் வேண்டும் என்பதை அறிவுலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. எட்டாவதாக ஒரு தூண் இருப்பது அறிவுலகத்துக்கு இன்னும் எட்டவில்லை. அதைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் பள்ளியைச் சேரும். அந்தக் கண்டுபிடிப்பில் எங்கள் குடும்பத்துக்கும் சிறு பங்கு உண்டு. என் மனைவி இறந்துபோனாள்.

அன்று சனிக்கிழமை. அவளுடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, இந்தத் திருகைக் கொஞ்சம் முடுக்கிக் குடுங்களேன். இன்னிக்கு நாள் பூரா தொலைநோக்காம். கண்ணாடி ஆடினா எதிர்காலமும் சேர்ந்து ஆடும்."

சமையலறைக் கத்தியின் நுனியால் முடுக்கிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். "ம், நிக்குது" என்றாள். இருவரும் பள்ளிக்குக் கிளம்பினோம்.

இருவரும் ஒரே பள்ளியில்தான் வேலை பார்த்தோம். அவள் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குக் கணித ஆசிரியை. நான் நூலகர். என் அறைக்கு வெளியே 'கற்றல் வள மையம்' என்று பலகை மாட்டிய அன்றே, உள்ளே இருந்த புத்தகங்களில் பாதியைக் கட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டார்கள். வளங்களுக்கு இடம் வேண்டுமல்லவா? இப்போது அங்கே காற்றுப்போன பந்துகளும், கைப்பந்து வலையும், ஓடாத நகல் இயந்திரம் ஒன்றும், நானும் இருக்கிறோம்.

அந்தச் சனிக்கிழமை பள்ளியின் பெரிய கூடத்தில் 'நிலைத்த பள்ளிக்கு ஏழு தூண்கள்' என்ற பயிற்சிப் பட்டறை. நடத்த வந்தவர் ஒரு ஆலோசகர். உட்காரவே மாட்டார், நடந்துகொண்டே சிந்திப்பவர். இதற்கு முன் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையை நிலைநிறுத்தியவர் என்று தாளாளர் அறிமுகம் செய்து வைத்தார். தாளாளர் என்றால் பள்ளியின் உரிமையாளர். மாமனாரிடமிருந்து பள்ளியையும், பள்ளியோடு சேர்த்து மாமனாரின் சுழல் நாற்காலியையும் பெற்றவர்.

"பிஸ்கட்டும் குழந்தையும் ஒண்ணுதாங்க," என்று ஆலோசகர் தொடங்கினார். "ரெண்டும் உடையாம கஸ்டமர் கைக்குப் போய்ச் சேரணும்."

ஆசிரியர்கள் முன் நாற்காலிகளில் அமர்ந்து குறிப்பெடுத்தார்கள். ஆசிரியர் அல்லாத நாங்கள் சுவரோரம் இருந்தோம். தொலைநோக்கு என்று ஒரு தூண், சிக்கனம் என்று ஒரு தூண், பொறுப்புக்கூறல் என்று ஒரு தூண். இப்படித் தூண்கள் எழும்ப எழும்ப, கூரை எப்போது வரும் என்று நான் காத்திருந்தேன். என் மனைவி கையைத் தூக்கினாள்.

"சார், பத்து 'ஆ'ல பிள்ளைங்க நிறைய. பாதிப் பேருக்குத் தனியா உக்காந்து சொல்லிக் குடுத்தாதான் ஏறும். இன்னொரு கணக்கு டீச்சர் எந்தத் தூண்ல வருவாங்க?"

ஆலோசகர் மகிழ்ந்துபோனார். "அருமையான கேள்வி! இதை நாம பார்க்கிங்ல போடுவோம்." சுவரில் 'நிறுத்துமிடம்' என்று எழுதிய ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. பதில் இல்லாத கேள்விகளை அங்கே நிறுத்தி வைப்பது நவீன நிர்வாக முறை. அவள் கேள்வியும் அதில் ஏறியது.

பிறகு எல்லாரும் கண்ணை மூட வேண்டும் என்றார்.

"மூச்சை நல்லா இழுத்து விடுங்க. இப்ப இருபது வருஷம் கழிச்சு நம்ம பள்ளியைப் பாருங்க. என்ன தெரியுது? வெளிச்சம் தெரியுதா? கட்டடம் தெரியுதா? அவசரப்படாதீங்க. உள்ள போய்ப் பாருங்க."

எனக்கு மாடிப்படிக்கு அடியில் இருந்த புத்தகக் கட்டுகள்தான் தெரிந்தன. "போதும், கண்ணைத் திறங்க" என்றார். திறந்தோம். முன் வரிசையில் என் மனைவி மட்டும் திறக்கவில்லை.

"ஷ்ஷ்! யாரும் எழுப்பாதீங்க," என்று ஆலோசகர் குரலைத் தாழ்த்தினார். "பாருங்க இவங்களை. எவ்வளவு ஆழமா உள்ள போயிட்டாங்க! நாமெல்லாம் மேலோட்டமாப் பாத்துட்டுத் திரும்பிட்டோம். இதுக்குப் பேருதான் ஈடுபாடு."

தாளாளர் முதலில் கைதட்டினார். கூடமே தட்டியது. கைதட்டல் ஓய்ந்த பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த அறிவியல் ஆசிரியை அவள் தோளைத் தொட்டார். தொட்ட கையை எடுத்துவிட்டு என்னைத் தேடினார்.

கண்ணை மூடியபோதே நேர்ந்திருக்கும், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர். நம்பினேன்.

பள்ளி தன் துயரத்தை உரிய முறையில் வெளிப்படுத்தியது. பெரிய சுவரொட்டி, நடுவில் அவள் படம், மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே, சற்றுப் பெரிய எழுத்தில், 'மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது'. என் மைத்துனி அதைத் தெருமுனையில் பார்த்துவிட்டு நேரே பள்ளிக்குப் போய்விட்டாள். மைத்துனி என்றால் என் மனைவியின் தங்கை; இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருப்பவள். கசப்பை விற்றே பழகியதால் பேச்சில் இனிப்பு சேர்க்கத் தெரியாது.

"எங்க அக்கா செத்தது அட்மிஷனுக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

தாளாளர் உண்மையிலேயே வருந்தினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நம்ம எல்லா டிசைன்லயும் அந்த வரி தானா வந்துடும். எடுக்கத் தெரிஞ்ச தம்பி வேலையை விட்டுப் போயிட்டாரு."

இரங்கல் கூட்டத்தில் அவர் பேசியபோது கண் கலங்கியது. "அவங்க இடத்தை யாராலயும் நிரப்ப முடியாது" என்றார். எங்கள் பள்ளிக் கூட்டங்களில் சொல்லப்பட்டவை பல. விளையாட்டுத் திடல் வரும் என்றார்கள், குடிதண்ணீர் இயந்திரம் வரும் என்றார்கள். சொன்னது சொன்னபடி எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றப்பட்டது இந்த ஒரு வாக்குறுதிதான்.

அடுத்த திங்கட்கிழமை, முதல் பாடவேளை, பத்து 'ஆ'. கணக்கு வகுப்பு. என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். ஆசிரியர் நாற்காலியில் அவளுடைய படம் சட்டமிட்டு வைக்கப்பட்டிருந்தது. கரும்பலகையில் வெள்ளிக்கிழமை அவள் பாதியில் விட்ட ஒரு கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. தாளாளர் முன்னால் வந்து நின்றார்.

"நம்ம மிஸ்ஸுக்காக எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனம்."

எழுந்தார்கள். தாளாளரின் கைப்பேசி அதிர்ந்தது. புதிய கட்டட அனுமதி பற்றிய அழைப்பு போலிருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அப்படியே காரில் ஏறியும் போய்விட்டார்.

இந்த இடத்தில் எங்கள் பள்ளியின் ஒழுங்குமுறை ஒன்றை வெளியுலகத்துக்கு விளக்கியாக வேண்டும். முந்தைய ஆண்டு விழாவில் தாளாளர் பேச்சுக்கு நடுவே தண்ணீர் குடித்தபோது, பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து ஓவிய ஆசிரியர் நன்றியுரை சொல்லி விழாவை முடித்துவைத்துவிட்டார். கூட்டமும் எழுந்து போய்விட்டது. அதன்பின் ஒரு சுற்றறிக்கை வந்தது. தாளாளர் தொடங்கிவைத்த எந்த நிகழ்வையும் தாளாளரைத் தவிர வேறெவரும் முடித்துவைக்கக் கூடாது. ஓவிய ஆசிரியருக்கு அந்த ஆண்டு ஊதிய உயர்வும் வரவில்லை. ஆகையால் சுற்றறிக்கை எல்லாருக்கும் நன்றாகப் புரிந்திருந்தது.

மௌனம் தொடர்ந்தது. மணி அடித்தது. இரண்டாம் பாடவேளைக்கு வந்த அறிவியல் ஆசிரியை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"முடிஞ்சிடுச்சா?" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

"இல்லைங்க. சார் இன்னும் வரல."

"உக்காரவாவது சொல்லுங்களேன். பாவம் பிள்ளைங்க."

உட்கார்வது முடித்துவைப்பதில் சேருமா என்று துணை முதல்வரிடம் கேட்டு வர ஆள் அனுப்பினோம். சேராது என்று பதில் வந்தது. உட்கார்ந்தார்கள். பேச்சு மட்டும் இல்லை. மதிய உணவு மணி அடித்தபோது கடைசி பெஞ்சில் ஒருவன் டிபன் டப்பாவின் மூடியைச் சத்தம் வராமல் திறந்தான். மற்றவர்களும் அப்படியே திறந்து, சத்தம் வராமல் சாப்பிட்டார்கள்.

பிற்பகல் தாளாளர் திரும்பி வந்தார். கூடவே ஆலோசகர். இருவரும் வராந்தா வழியாகப் பேசிக்கொண்டே வந்து பத்து 'ஆ'வின் சன்னலருகே நின்றுவிட்டார்கள்.

"சார், உள்ள டீச்சரே இல்லையே!" என்றார் ஆலோசகர்.

"இருக்காங்க. அதோ, படம்."

"ஒரு சத்தம் இல்ல. ஒரு அசைவு இல்ல. எவ்வளவு நேரமா இப்படி?"

தாளாளர் என்னைப் பார்த்தார். "காலையிலேர்ந்து சார்" என்றேன்.

ஆலோசகர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் கோத்துவிட்டது. "பிஸ்கட் ஃபாக்டரில மேற்பார்வைக்கு ஆறு பேரைப் போட்டும் இந்த ஒழுங்கு வரல சார். நான் ஏழு தூணோட நிறுத்தியிருந்தேன். தப்புப் பண்ணிட்டேன்."

அங்கேயே, அந்தச் சன்னலருகே, எட்டாவது தூண் நடப்பட்டது. அதற்கு 'ஆளில்லா ஆளுமை' என்று பெயரும் வைக்கப்பட்டது. உண்மையான தலைவர், தான் இல்லாதபோதும் தன் இருப்பால் நடத்துபவர். ஆகவே இல்லாதவர்தான் தலைசிறந்த தலைவர். ஆகவே பத்து 'ஆ'வின் கணித ஆசிரியையாக என் மனைவியே தொடர்வார்.

தொடர்ந்தாள். கால அட்டவணையில் அவள் பெயர் இருந்தது. ஒவ்வொரு கணக்குப் பாடவேளையிலும் அலுவலக உதவியாளர் படத்தைத் துடைத்து நாற்காலியில் வைப்பார். முடிந்ததும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டுவார். அவள் எழுதிய கணக்கை யாரும் அழித்துவிடக் கூடாது என்று கரும்பலகைக்குக் கண்ணாடி போட்டார்கள். கண்ணாடிமேல் எழுத முடியாததால் மற்றப் பாட ஆசிரியர்களும் எழுதுவதை விட்டார்கள். சாக்பீஸ் மிச்சமானது. சிக்கனம் என்ற தூணுக்கும் இதனால் வலு கூடியது.

நான் தாளாளரைப் பார்க்கப் போனேன். சுழல் நாற்காலி என் பக்கம் திரும்பியது.

"சார், பத்து 'ஆ'வுக்குக் கணக்கு டீச்சர் போடணும்."

"இருக்காங்களே சார்."

"என் மனைவி இறந்துட்டாங்க சார்."

"அது எனக்குத் தெரியாதா? அன்னிக்கு நானும்தானே கூட இருந்தேன்." குரல் இளகியது. "நூலகர் சார், உங்க மனைவியோட ரிக்கார்டைப் பாத்தீங்களா? ஒரு நாள் லீவு இல்ல. லேட் இல்ல. ஒரு பெற்றோர்கூட வந்து புகார் சொல்லல. ஸ்டாஃப் ரூம்ல ஒரு வார்த்தை கூடக் குறையச் சொல்லல. இருந்தப்பகூட இவ்வளவு சிறப்பாப் பண்ணினதில்ல. மனசைத் தொட்டுச் சொல்லுங்க."

மனசைத் தொட்டேன். உண்மைதான். இருந்தபோது அவள் நிறையக் குறை சொல்வாள்.

"பிள்ளைங்களுக்குப் பொதுத்தேர்வு வருதே சார்."

"அந்தப் பொறுப்பை அவங்ககிட்ட விட்ருங்க. நீங்க அவங்களை நம்பணும். கணவரே நம்பலன்னா எப்படி?"

வெளியே வந்தபோது கற்றல் வள மையத்தின் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். பத்து 'ஆ', முதல் பெஞ்சு. கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிடுவாள் என்பதால் என் மனைவி அவளை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவாள். வீட்டிலும் அந்தப் பெயர்தான் அடிபடும். 'இன்னிக்கு அவசரம் தப்பா சொல்லிட்டு அப்புறம் தானே திருத்திக்கிட்டா' என்று சாப்பிடும்போது சிரிப்பாள்.

"சார், மிஸ் பாதில விட்ட கணக்கு இருக்குல்ல, அதோட மீதி எப்படி சார்? நாலு வழில போட்டுப் பாத்துட்டேன். நாலு விடை வருது."

"நாலும் தப்பாம்மா?"

"தெரிஞ்சா வந்திருப்பேனா சார்?" மூக்கை உறிஞ்சினாள். "கணக்குல பாஸானாதான் பதினொண்ணாவதுல நர்சிங் குரூப் சேர முடியும். அப்பா இந்த ஒரு தடவைதான் பாப்பேன்னுட்டாரு. இல்லன்னா மாமா கடையில நிக்கணுமாம்."

எனக்கு எண்கள் என்றால் புத்தகத்தின் முதுகில் ஒட்டும் எண்கள்தான். கணக்குப் பிரிவில் இருந்த புத்தகங்களை எடுத்துக் கொடுத்தேன். மூன்று ஆண்டு முந்தைய பாடத்திட்டம். "இதுல எங்க பாடமே இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

மீண்டும் மீண்டும் போய்க் கேட்டேன். தாளாளர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. ஒருமுறை, "உங்களுக்குத் துக்கம் இன்னும் ஆறல சார். நாங்க எல்லாம் ஏத்துக்கிட்டோம். நீங்கதான் ஏத்துக்க மாட்டேங்கறீங்க" என்றார். ஆலோசகர் என் தோளில் கைவைத்து, மாற்றத்தை எதிர்ப்பது மனித இயல்பு என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆண்டின் 'நிலைத்த பள்ளி' விருதும் எங்களுக்குத்தான் வந்தது. வந்த நடுவர்கள் பத்து 'ஆ'வின் சன்னலருகே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

தேர்வு வந்தது. முடிவும் வந்தது. பத்து 'ஆ' கணக்கில் கவிழ்ந்தது. பாதிக்கு மேல் தோல்வி. அவசரமும்தான். என் மனைவியின் வகுப்பில் அதுவரை ஒரு பிள்ளைகூடக் கணக்கில் தவறியதில்லை.

பெற்றோர்கள் வாயிற்கதவைப் பிடித்து உலுக்கினார்கள். தாளாளர் படியில் ஏறி நின்று கையை உயர்த்தினார்.

"உங்க கோபம் நியாயமானது. இந்தப் பள்ளி பொறுப்புக்கூறல்ல உறுதியா இருக்கு. சம்பந்தப்பட்ட ஆசிரியை மேல கடுமையான நடவடிக்கை எடுப்போம்."

"யாரு சார் அந்தம்மா? இங்க வரச் சொல்லுங்க!" என்று ஒருவர் கத்தினார்.

"அவங்க இப்ப வெளியே வர்ற நிலைமையில இல்ல" என்றார் தாளாளர். எல்லாரும் கலைந்தார்கள்.

நான் அதை அரசியல் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் நிர்வாகத்தின் நேர்மையை இன்னும் நான் முழுதாக அறிந்திருக்கவில்லை. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தார்கள். ஆசிரியையின் சார்பில் நான் ஆஜராக வேண்டும் என்று அலுவலக எழுத்தர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். தாளாளர், துணை முதல்வர், ஆலோசகர் மூவரும் மேசைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான். மற்றொன்றில் அவள் படத்தை ஏற்கெனவே வைத்திருந்தார்கள்.

"உங்க தரப்பு விளக்கத்தைச் சொல்லுங்க," என்றார் துணை முதல்வர், படத்தைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று முடிவெடுக்க முடியாமல்.

"அவங்களால பாடம் நடத்த முடியல சார்," என்றேன்.

"உடம்பு சரியில்லையா? மெடிக்கல் சர்டிஃபிகேட் இருக்கா?"

"இறப்புச் சான்றிதழ் இருக்கு சார்."

நீட்டினேன். மூவரும் கைமாற்றிப் பார்த்தார்கள். ஆலோசகர் உதட்டைப் பிதுக்கினார். "தேதி ரொம்பப் பழசா இருக்கே. தேர்வு சமயத்துக்குப் புதுசா ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க. அது ஒரு தடவைதான் குடுப்பாங்க."

"பாருங்க சார்," என்று தாளாளர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "வருகைப் பதிவு நூத்துக்கு நூறு. தினமும் வகுப்புல இருந்திருக்காங்க. இருந்தும் ரிசல்ட் வரலன்னா என்ன அர்த்தம்? ஆர்வம் குறைஞ்சிடுச்சு. ஆரம்பத்துல இருந்த அந்தத் துடிப்பு இல்ல."

துடிப்பு இல்லை என்பதை நான் மறுக்கவில்லை.

அன்று மாலையே என் மனைவி பணிநீக்கம் செய்யப்பட்டாள். காரணம், கடமையில் அலட்சியம். படத்தை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பிரித்துச் சுவரில் சாய்த்து வைத்தபோது மைத்துனி வந்தாள்.

"என்ன அத்தான் இது?"

சொன்னேன். சாய்ந்திருந்த படத்தை நேராக்கி வைத்தாள்.

"உயிரோட இருந்தப்ப அக்கா ஒரு மெமோ வாங்கினதில்ல. போனதுக்கப்புறம் கெட்டுப் போயிட்டாளா?"

"பிள்ளைங்க பாதிக்கு மேல ஃபெயில். அவங்க வீட்டுல இவ பேரைத்தான் திட்டறாங்களாம்."

"திட்டுவாங்க. பாடம் நடத்தாம அவ பாட்டுக்குச் செத்துக் கிடந்தா திட்ட மாட்டாங்களா?" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "துணைத்தேர்வு எப்ப?"

"பள்ளி திறந்து கொஞ்ச நாள்ல."

"பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க. நானும் அவகிட்டதான் கணக்குப் படிச்சேன். அடி வாங்கிப் படிச்சது, மறக்கல."

மருந்துக்கடையை மதியம் சாத்தும் நேரத்தில் எங்கள் வீட்டில் வகுப்பு நடந்தது. சாப்பாட்டு மேசை போதாமல் தரையிலும் உட்கார்ந்தார்கள். மைத்துனியின் கற்பித்தல் முறையில் எந்தத் தூணும் இல்லை.

"என்னடி இது, கழித்தல் குறியைக் காணோம்?"

"மறந்துட்டேன் மிஸ்."

"நீ நர்ஸாகி, மருந்தோட அளவை மறந்துட்டேன்னு சொல்லுவியா? அப்புறம் உன் பேஷண்ட்டையும் ஃபிரேம் போட்டு நாற்காலில வச்சிருவாங்க. மறுபடி போடு."

அவசரம் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். பத்து 'ஆ' சிரித்துச் சத்தம் போட்டு நான் கேட்டது வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். என் மனைவி பாதியில் விட்ட கணக்கை அவசரம் நினைவிலிருந்து எழுதிக் காட்டினாள். மைத்துனி அதைப் பார்த்துவிட்டு, "இதுல கேள்வியையே அக்கா தப்பா எழுதியிருக்கா. குறி மாறிப் போச்சு. திங்கட்கிழமை வந்ததும் அவளே பாத்திருப்பா" என்றாள். அந்தக் கணக்குத்தான் கண்ணாடிக்குள் பாதுகாக்கப்பட்டிருந்தது.

துணைத்தேர்வில் எல்லாரும் தேறினார்கள். அவசரத்துக்கு நல்ல மதிப்பெண். பழவண்டிக்காரரிடம் வாங்கிய ஆரஞ்சுகளை மைத்துனியின் கடை மேசையில் உருட்டிவிட்டு, "மிஸ், நர்சிங்ல இடம் கிடைச்சிடுச்சு" என்று கத்தினாள். மாத்திரை வாங்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு சுளை கிடைத்தது.

மறுநாள் பள்ளிச் சுவரில் புதிய பதாகை. 'துணைத்தேர்வில் கணிதம் நூற்றுக்கு நூறு! எங்கள் ஆசிரியையின் அயராத உழைப்பு!' நடுவில் என் மனைவி. ஆசிரியர் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார்கள். இம்முறை சுவரோரம் இல்லை, முன் வரிசை.

"நாம அவசரப்பட்டுட்டோம்," என்றார் தாளாளர். "வேலையை விட்டு எடுத்த பிறகும் அந்தம்மா பிள்ளைங்களைக் கைவிடல. வீட்டுல வச்சு நடத்தியிருக்காங்க."

"நடத்தினது அவங்க தங்கச்சி சார்," என்றேன்.

"அதான் சார் எட்டாவது தூண்! தான் செய்யாம, பிறர் மூலமாச் செய்விக்கறது!" என்று ஆலோசகர் துள்ளிக்கொண்டு எழுந்தார்.

என் மனைவி பணியில் மீண்டும் சேர்க்கப்பட்டாள். அநீதிக்குப் பரிகாரமாகப் பதவி உயர்வும் அளிக்கப்பட்டது. ஓய்வுபெறப் போகும் துணை முதல்வரின் இடத்துக்கு அவளே தேர்வானாள். போட்டியிட்டவர்களில் அவள் ஒருத்திதான் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லையாம். படத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். தர மாட்டேன் என்றேன். அவர்களிடம் பிரதி இருந்ததாம், பெரிதாக்கி மாட்டிக்கொண்டார்கள். அறைக்குக் குளிரூட்டியும் போட்டார்கள்.

"அப்ப பத்து 'ஆ'வுக்குக் கணக்கு யாரு சார்?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி. துணை முதல்வர் வகுப்பு எடுக்க மாட்டாங்க, அது விதி. வேற ஆளு போடலாம்னா அவங்க சம்மதம் வேணும். நியமனம் இனி அவங்க பொறுப்புலதான் வருது. நாங்க கேட்டுட்டோம். அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லல." தாளாளர் பொறுமையாக விளக்கினார்.

போன வாரம் ஒரு புகைப்படக்காரர் பள்ளிக்கு வந்து எல்லா ஆசிரியர்களையும் தனித்தனியாக நிற்கவைத்துப் படமெடுத்தார். படச்சட்டத்துக்குப் பொருந்தும் அளவு. வரலாற்று ஆசிரியருக்கு இரண்டு நாளாக நெஞ்சு எரிச்சல். அவரை மட்டும் அலுவலகத்தில் மிகுந்த அக்கறையோடு விசாரிக்கிறார்கள், படம் நன்றாக வரவில்லை என்று மறுபடியும் எடுத்திருக்கிறார்கள்.

பிற பள்ளிகளிலிருந்து வருபவர்கள் என்னிடமும் யோசனை கேட்கிறார்கள். பள்ளி செழிக்கவும் நிலைக்கவும் என்ன செய்ய வேண்டும் என்று. சொல்கிறேன். பிள்ளைகளுக்காகத் தேய்ந்துபோகக் கூடிய நல்ல ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். உதவிக்கு ஆள் கேட்டால் கொடுக்காதீர்கள். பிறகு கைதட்டிக்கொண்டே காத்திருங்கள்.

இன்று திங்கட்கிழமை. புதிய பத்து 'ஆ'வுக்கு முதல் பாடவேளை கணக்கு. பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் இல்லை.